வெளியில் இருப்பதுதான் அப்பாவின் வேலை

அன்பு மகள் யுஸ்தினாவுக்கு, அப்பா கஸிமிர் எழுதுவது.

இங்கே நான் சுகம். அங்கே நீ சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் சிறைக்குள் இருப்பவளிடம் அப்படிக் கேட்பதை, நம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து இதைப் படித்து முத்திரை குத்தும் ஐயா கிண்டல் என்று நினைத்துவிடக் கூடாது. ஐயாவுக்கும் என் வணக்கம். கையெழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும். காலமெல்லாம் டிராலிபஸ் ஓட்டிய கை. வழக்கைப் பற்றி எழுதக் கூடாது என்பது விதி, அதனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டேன்.

வக்கீல் மூலம் நீ சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. "அப்பா, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். வெளியில இருங்க, அது போதும். ரத்த சொந்தத்தைத் தவிர வேற யார் பார்சல் கொண்டுவந்தாலும் வாங்க மாட்டாங்க. எனக்கு உங்களை விட்டா ஆள் இல்லை." இதைப் படித்த நாளிலிருந்து நான் தெருவில் எச்சில்கூடத் துப்புவதில்லை. பச்சை விளக்கு விழுந்த பிறகும் ஒரு முறை யோசித்துவிட்டுத்தான் ரோட்டைக் கடக்கிறேன். வியாழக்கிழமை பார்சலுக்கு எல்லாம் தயார். சிறை விதிப்படி மிட்டாய் ஒவ்வொன்றுக்கும் காகிதம் உரித்தாகிவிட்டது, தேயிலையைக் கண்ணாடிப் பையில் கொட்டியாகிவிட்டது, உப்புப் போட்ட பன்றிக்கொழுப்பும் பூண்டும் வைத்திருக்கிறேன். கம்பளிக் காலுறை வாங்கப் போனேன். வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டது நல்ல கனமாக இருந்தது. கடைக்காரியே, "அண்ணே, அது போராட்டக்காரங்க கொடி நிறம், அதுக்கு இப்ப கேஸ் போடறாங்க, எதுக்கு வம்பு"ன்னு அதை உள்ள எடுத்து வெச்சுட்டு சாம்பல் நிறத்துல ஒண்ணு குடுத்தா. குத்தும், பொறுத்துக்கோ.

இப்போ நடந்ததைச் சொல்றேன், பதறாதே. எதிர்வீட்டு பாவுலினா கதவைத் தட்டி, "அண்ணே, உங்க பொண்ணு எழுதின செய்தித் தளத்தையே தீவிரவாதம்னு அறிவிச்சுட்டாங்க. அதுல வந்தது போன்ல இருந்தாலே உள்ள தள்ளிடுவாங்களாம். உடனே அழிங்க"ன்னா. நீ எழுதினது அத்தனையும் என் போன்லதானே இருக்கு? ஊர் வீடுகளுக்கெல்லாம் சூடு அனுப்பற புதுக் கொதிகலன்னு ரிப்பன் வெட்டித் திறந்துட்டு, உள்ளே அதே பழைய ஓட்டைக் கொதிகலனையே வெச்சு ஊரை விறைக்க விட்டாங்களே, அது முதற்கொண்டு... இது வழக்கைப் பத்தி இல்லை ஐயா, குளிரைப் பத்தி. சரி, எல்லாத்தையும் ஒண்ணா அமுக்கிப் பிடிச்சேன், ஏதோ அம்புக்குறி வந்துச்சு, வெளியே தூக்கிப் போடற அம்புன்னு நினைச்சு அழுத்தினேன். அத்தனையும் நேரா நம்ம கட்டடத்து குரூப்புக்குப் போய் விழுந்துடுச்சு. தண்ணி வரலை, லிஃப்ட் ஓடலைன்னு புலம்பற குரூப்தான். பேட்டை போலீஸ்காரன் லியாவோன்கூட இருக்கானே, அதே குரூப். நான் என்ன பண்ணட்டும் சொல்லு! "மன்னிக்கவும், இதை யாரும் படிக்க வேண்டாம்"னு தட்டி அனுப்பினேன். அதுவரைக்கும் பார்க்காதவங்களும் படிச்சாங்க. முதல் ஆளா இதயம் போட்டது லியாவோனோட அம்மா. கொதிகலன் நின்னப்போ நெஞ்சுச் சளி கட்டி ஆஸ்பத்திரியில கிடந்தவங்களாச்சே. பாவுலினா மறுபடியும் ஓடிவந்து, "அறிவிருக்கா உங்களுக்கு? என்ன பண்ணித் தொலைச்சீங்க?"ன்னு வாய்க்கு வந்தபடி திட்டினா. திட்டி முடிச்சு, மூச்சு வாங்கிட்டு, மெதுவா, "அந்தக் கொதிகலன் கட்டுரை பாதியில நிக்குதே, மீதி வெச்சிருக்கீங்களா?"ன்னு கேக்கறா. எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியலை. ஆனா கண்ணு, மனசுக்குள்ள ஒரு பெருமை வந்துச்சு. பயத்துக்கு நடுவுல வந்துச்சு, மறைப்பானேன்.

சாயங்காலம் லியாவோன் சீருடை போடாம வந்தான். "மாமா, ஏன் மாமா என் உசிரை எடுக்கறீங்க? அழிச்சுத் தொலைங்க"ன்னான். "எனக்குத் தெரிஞ்சிருந்தா இவ்வளவு கூத்து நடக்குமா? நீயே அழிடா"ன்னு போனை நீட்டினேன். சட்டுனு அழிச்சான். அப்புறம் பார்த்தா, என் போன்ல மட்டும்தான் அழிஞ்சிருக்கு. மத்தவங்க எல்லார்கிட்டயும் அப்படியே இருக்கு. அவன் தன் போனை எடுத்துப் பார்த்துட்டு வெளுத்துப் போயிட்டான். "மாமா, என்கிட்டயும் இருக்கே!" தண்ணி குடுத்து உட்கார வெச்சேன். இதையெல்லாம் அவன் பேரைப் போட்டு எழுதக் கூடாது, அவன் வேலைக்கே உலை வெச்சுடும். அதனால இனிமே அவனை 'ஒரு நண்பர்'னு வெச்சுக்கலாம். நண்பர் தன் போன்லயும் அழிச்சுட்டார். அவரா போய் யார்கிட்டயும் சொல்லப் போறதில்லை, என் போனும் சுத்தம். ஆகவே நீ எதுக்கும் கவலைப்படாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிருக்கு முதுகைக் காட்டாமல் படு. பாவுலினாவும் கட்டடத்தார் அனைவரும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள், ஆனால் அவரவர் பெயரை எழுத வேண்டாம் என்றார்கள். கன்னி மாதா உனக்குத் துணையிருக்கட்டும். நடுவில் படிக்கும் ஐயாவின் வீட்டாரும் நன்றாக இருக்கட்டும். வியாழக்கிழமை பார்சலோடு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
கஸிமிர்

பி.கு.: தபால் தலை ஒட்டலை, தேவைப்படாது. அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் இப்போ ஒண்ணுதான். நண்பரோட போனை அவர் மேலதிகாரி வாங்கிப் பார்த்திருக்கார். அழிச்சதையெல்லாம் தோண்டி எடுக்க ஒரு மிஷின் இருக்காம். நண்பர் எனக்கு எதிர்க் கட்டில்ல முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிப் படுத்திருக்கார். இனிமே லியாவோன்னே எழுதலாம். வெளியில இருன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டே, அதைக்கூட உன் அப்பனால செய்ய முடியலை, மன்னிச்சுடு தாயி. பார்சலை பாவுலினா தூக்கிட்டு வந்திருக்கா. நீங்க யாருன்னு கேட்டதுக்கு, என்னைக் கட்டிக்கப் போறவ, உனக்குச் சித்தின்னு சாதிச்சுட்டு நிக்கறாளாம். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. நான் மூணாவது மாடி. நீ எந்த மாடின்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. காத்தாட வெளியே கூட்டிட்டுப் போகும்போது சத்தமா ஒரு தும்மல் போடு. "நல்லாயிரு"ன்னு நான் கத்தறேன். அதுக்கு இன்னும் கேஸ் இல்லை.