மேட்டு மரங்களை வெட்டுவது சம்பந்தமாக

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நான் இங்கே சௌக்கியம். என் முழங்கால்கள் மட்டும் தங்கள் குறைகளைத் தனிக் கடிதமாகப் போடும் நிலையில் இருக்கின்றன. நீங்களும் மகளும் பேரக்குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் குடிவருவதற்குள் புது வீட்டு மாடி ஜன்னலிலிருந்து கடல் தெரிய வேண்டும், அதை மறைக்கிற மேட்டு மரங்களைக் கூடவே நின்று வெட்ட வைக்க வேண்டும் என்று என்னை அனுப்பினீர்கள். ஆளைப் பிடித்துவிட்டேன். நாளைக் காலையில் ரம்பத்தோடு வருகிறார். வேலை முடிந்த மாதிரிதான்.

ஆனால் நான் வந்து சேர்ந்த கதையைக் கேளுங்கள். நில அளவை அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த காலம் முழுக்க இந்த மலைத்தொடர் எனக்கு வரைபடத்தில் கட்டைவிரல் அகலப் பச்சை, அவ்வளவுதான். நேரில் பார்த்தால் மலை கடலுக்குள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சாலைக்கே ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அலை, நடுவில் பேருந்து, அதற்குள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நான். "பெரியவரே, இறங்குங்க, இதுக்கு மேல மலைதான் இருக்கு" என்று ஓட்டுநர் தோளைத் தட்டிய பிறகுதான் திறந்தேன். கீழே மேய்ச்சல் நிலம், அதற்கு மேல் மர ஆலைக்காரர்கள் நட்டு வைத்த மரங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக. அதற்கும் மேலே யாருமே நடாத காடு. 'காடு' என்று எத்தனை ஆயிரம் முறை பதிவேட்டில் எழுதியிருப்பேன்! உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தேன், கழுத்து சுளுக்கிக்கொண்டது, மரம் முடியவில்லை. மலை முகட்டிலிருந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் வெறும் காய்ந்த புல். கடல் அனுப்புகிற ஈரத்தை எல்லாம் இந்தப் பக்கமே வாங்கி வைத்துக்கொள்கிறது. வாயடைத்துப் போனேன், மாப்பிள்ளை. அது எவ்வளவு அபூர்வம் என்று உங்கள் மாமியாரைக் கேட்டுப் பாருங்கள்.

இன்று காலை வெட்ட வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்புக் குறி போட மேட்டுக்குப் போனேன். கடலிலிருந்து மூடுபனி எழும்பி வந்தது. சட்டை நனையுமே என்று ஒரு மரத்தடியில் ஒதுங்கினேன். கொட்டியது பாருங்கள் மழை! குடையை விரித்துக்கொண்டு வெளியே ஓடினால், அங்கே ஒரு சொட்டு இல்லை. மடக்கிக்கொண்டு உள்ளே வந்தால், மறுபடி மழை. பனியை இலைகள் பிடித்துப் பிடித்துக் கீழே விடுகின்றன! நான் போட்ட குறியை எல்லாம் மரங்களே கழுவிவிட்டன. மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவார்கள், நான் மரத்துக்குப் பயந்து வெளியே நின்றேன். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அப்போது பக்கத்து மேட்டு மாட்டுக்காரர் இரண்டு கேன்களோடு வந்தார். மேய்ச்சலுக்காகத் தன் மேட்டை முன்பே மொட்டையடித்தவர்.

"எங்க வீட்டுலேர்ந்து பாத்தா கப்பல்ல போறவன் பல்லு தேய்க்கிறதுகூடத் தெரியும் சார்!" என்றார்.

"தண்ணி?"

"அதுக்குத்தான் உங்க ஊத்துக்கு வர்றேன். எங்க ஊத்து, மரம் போன கையோட போயிடுச்சு."

நம் ஊற்று அந்த மேட்டின் அடியில்தான் சுரக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. பேரக்குழந்தையைக் குளிப்பாட்டுவதற்குக் கப்பலைக் காட்டினால் போதுமா? இருந்தாலும் வீடு உங்களுடையது, சொல்லும் உங்களுடையது. நான் பேச்சு மாறாதவன். நாளை வெட்டு நடக்கும்.

மகளுக்கு என் ஆசிகள், குழந்தைக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், உங்களுக்கு என்றும் குறையாத மரியாதை.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத மாமனார்

பி.கு. (நான்கு நாள் கழித்து): ரம்பக்காரர் வந்தார். ஒரு மரத்தையும் தொடக் கூடாது என்பது என் மாப்பிள்ளையின் கண்டிப்பான உத்தரவு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். சரிவு முழுக்க உங்கள் பெருமைதான் பேச்சு. மாட்டுக்காரர் உங்களைப் பார்த்துத் தானும் திருந்திவிட்டதாகச் சொல்லி மேட்டில் கன்று நட ஆரம்பித்திருக்கிறார். தயவுசெய்து நேரில் வந்து அதைக் கெடுத்துவிடாதீர்கள்.