எதிர் பெஞ்சு

அந்தத் தாழ்வாரத்தில் எவரும் எழுதி ஒட்டாத, ஆனால் எவரும் மீறாத விதி ஒன்று இருந்தது. இடப்புறப் பெஞ்சில் இருப்பவர் வலப்புறப் பெஞ்சோடு பேசக் கூடாது. தம்முடைய எதிராளி யார் என்று சொல்லவும் கூடாது. பிறருடைய எதிராளி யார் என்று கேட்கவும் கூடாது. தாழ்வாரத்தின் கோடியில் குடும்ப நீதிமன்றத்தின் கதவு. இடப்புறம் கணவர்கள், வலப்புறம் மனைவிகள். நடுவே ஆறடி அகலத்துக்குத் தரை. அதைத் துணிந்து குறுக்கே கடந்தது கூட்டிப் பெருக்குபவரின் துடைப்பம் மட்டும்தான்.

லிஃப்ட் மெக்கானிக் அந்த விதியை முதல் நாளே கற்றுக்கொண்டான். மனைவிக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறதே என்று உட்காரப் போனான். இரண்டு பெஞ்சுகளும் ஒருசேரப் பார்த்த பார்வையில், தானாகவே இடப்புறம் வந்து விழுந்தான்.

அன்று அவனுக்கு வாய்த்த சிக்கல் மிகச் சிறியது. அவனும் மனைவியும் சேர்ந்து போட்ட விவாகரத்து மனுவில் 'காரணம்' என்ற சொல்லுக்கு எதிரே 'ஒத்துவரவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தது. குமாஸ்தா அதைப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"இது காரணமா?"

"ஆமாங்க. அதான் காரணம்."

"சட்டை ஒத்துவரலன்னா கடையில இப்படிச் சொல்லலாம் தம்பி. இங்க இன்னும் கொஞ்சம் வேணும். எழுதிக்கிட்டு வாங்க."

இன்னும் கொஞ்சத்துக்கு எங்கே போவது? அவனும், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவன் மனைவியும் சண்டை போடக்கூடச் சோம்பல்பட்டு, அலுத்துப்போய், ஒருநாள் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி முடித்திருந்தார்கள். வீடு அவளுக்கு, வண்டி அவனுக்கு. மகள் பள்ளி நாட்களில் அவளிடம், சனி ஞாயிறு அவனிடம். மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் அவன் கவலைப்பட மாட்டான். அந்தச் சனி ஞாயிறில்தான் அவன் உயிர் இருந்தது. இதுவரை சொல்லாததை இனியும் சொல்ல வேண்டாம், ஒருவர்மேல் ஒருவர் பொய்ப்பழி போட வேண்டாம் என்றும் பேசி வைத்திருந்தார்கள்.

வழக்கைத் தானே நடத்துவது என்று அவன் முடிவெடுத்தது வீம்பினால் அல்ல. முதலில் ஒரு வக்கீலைத்தான் பார்த்தான்.

"உங்க மனைவி மேல என்ன கோபம்?" என்று கேட்டார் வக்கீல்.

"கோபம் ஒண்ணும் இல்லைங்க."

"அப்ப வந்ததும் வந்தீங்க, கோபம் வந்ததுக்கு அப்புறம் வந்திருக்கலாம்."

அடுத்து அக்கா புருஷனிடம் போனான். "என்கிட்ட சொன்னது என்னோட போயிடும் மாப்ள" என்று அவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் அவனுடைய பெரியப்பா முதல் தூரத்துச் சித்திவரை தொலைபேசியில் அழுது முடித்துவிட்டார்கள். நம்பிக்கையான ஆள் என்று உலகத்தில் ஒருவர்கூட இல்லையா என்று அவன் மனம் நொந்திருந்தபோதுதான், பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"காரணத்தில திருப்பிட்டாரா?"

அவரைத் தாழ்வாரமே 'சீனியர்' என்று அழைத்தது. வக்கீல் அல்ல, வழக்குக்காரர்தான். எத்தனை வருடமாக வருகிறார் என்பது பெஞ்சுக்கே மறந்திருக்கும். வாய்தா இல்லாத நாளிலும் வருவார். அவருடைய வழக்கு எப்போதும் பட்டியலின் கடைசியில் இருக்கும். அது கூப்பிடப்படுவதற்குள் பெஞ்சு காலியாகிவிடும். உதவி என்று கேட்டவருக்கெல்லாம் மனு எழுதிக்கொடுப்பார். அதற்கு ஒரு கோப்பைத் தேநீர்கூட வாங்கிக்கொள்ள மாட்டார். கைம்மாறு வேண்டாத மனிதர் என்பதைவிட நம்பிக்கைக்கு வேறென்ன சான்று வேண்டும்?

"மனுன்னா வெறும் தகவல் இல்ல தம்பி" என்றார் சீனியர், மூடியைக் கழற்றிய பேனாவோடு. "படிக்கிறவங்க மனசில ஒரு காட்சி விழணும். எழுதிக்கோங்க. மனுதாரர் ஆசையாக வைத்திருந்த தூண்டில்களை எதிர்மனுதாரர் மாடியிலிருந்து வீசி எறிந்தார்."

"என்கிட்ட தூண்டிலே இல்லைங்களே."

"இருக்கணும்னு யார் சொன்னா? ஒரு மனுஷன் ஞாயித்துக்கிழமை நிம்மதியா இருந்தான், அந்த நிம்மதி போச்சு. அதை எப்படிச் சொல்லுவீங்க? தூண்டில்ங்கறது ஒரு குறியீடு."

"பொய் எழுத மாட்டோம்னு பேசியிருக்கோம்."

"குறியீட்டுல பொய் ஏது தம்பி?"

மெக்கானிக் எழுதியதை இன்னொரு முறை படித்துப் பார்த்தான். தயங்கித் தயங்கித்தான் கையெழுத்துப் போட்டான். குமாஸ்தா படித்துவிட்டு முகம் மலர்ந்தார். "இப்பதான் மனு மாதிரி இருக்கு" என்று முத்திரையைக் குத்தினார். ஒரு சின்னச் சங்கதியை மட்டும் முத்திரை குத்திய பிறகே சொன்னார். சேர்ந்து போட்ட மனுவில் குற்றச்சாட்டு வரக் கூடாதாம். வந்துவிட்டதால் இது இனி ஒருதரப்பு மனு. நகல் எதிர்த்தரப்புக்குப் போகும்.

எதிர் பெஞ்சோடு நேரில் பேச அவனுக்கு வழியில்லை. மனைவியை அழைத்து விளக்கிவிடலாம் என்று கைப்பேசியை எடுத்தான். சீனியர் அதன்மேல் மெல்லக் கையை வைத்தார்.

"பேசினா அது நாளைக்குச் சாட்சியா வந்து நிக்கும். பேச்சுவார்த்தையே வேண்டாம். பதில் வரட்டும், பாத்துக்கலாம்."

பதில் வந்தது. சிவப்பு மையில் பிழை திருத்தப்பட்டு, எழுத்து எழுத்தாகச் செதுக்கியதுபோல் இருந்தது. தூண்டில்கள் மாடியிலிருந்து எறியப்படவில்லை. அவை எந்நேரமும் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தன. மேலும், எதிர்மனுதாரர் பிள்ளைபோல் வளர்த்த நாயை, மனுதாரர் கதவைத் திறந்துவிட்டுத் துரத்தினார்.

மெக்கானிக் அதை இரண்டு முறை படித்தான். தலைநிமிர்ந்து எதிர் பெஞ்சைப் பார்த்தான். அவன் மனைவி ஒரு முதிய பெண்மணிக்குப் பக்கத்தில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். மனைவிமார் அனைவரும் 'டீச்சர்' என்று அழைக்கும் அந்த அம்மாள், மடியில் தாள்களும் கையில் சிவப்புப் பேனாவுமாக, தேர்வு அறையில் நடப்பவர்போல் விறைப்பாக இருந்தார்.

"சார், நாய்னு எழுதியிருக்காங்க."

சீனியர் தாளைப் பிடுங்கிப் படித்தார். அவர் காது மடல் சிவந்தது.

"துரத்தலன்னு எழுதுங்க. அது தானா ஓடிச்சு."

"எது சார்?"

"நாய்தான். ஓடுற நாய் ஓடத்தான் செய்யும். கதவு திறந்திருந்தது யார் குத்தம்? அப்புறம் இன்னொண்ணு போடுங்க. விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஆர்மோனியம் வாசிச்சு மனுதாரரைத் தூங்க விடல."

சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. கண்ணோரம் லேசாக ஈரம்கூடத் தெரிந்தது. சொந்த வழக்குபோலப் பார்க்கிறாரே மனிதர் என்று மெக்கானிக் நெகிழ்ந்து போனான். அந்த நெகிழ்ச்சியிலேயே ஆர்மோனியத்துக்கும் கையெழுத்துப் போட்டான்.

அந்தச் சனிக்கிழமை, அவன் தனியாக எடுத்துத் தங்கியிருந்த வாடகை அறைக்கு மகள் வந்தாள். காலணியைக்கூடக் கழற்றவில்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவன் முன்னால் நின்றாள்.

"அப்பா, நம்ம வீட்ல நாய் இருந்துச்சாமே."

"யார் சொன்னா?"

"அம்மா ராத்திரி எழுதிட்டிருந்தாங்க, எட்டிப் பாத்தேன். எனக்கு ஏன் ரெண்டு பேரும் காட்டவே இல்ல?"

"அது வந்து, தானா ஓடிப்போச்சுடா" என்றான் அவன். சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்தது என்னவென்று அவனுக்கே உறைத்தது.

அடுத்த வாரம் வந்த பதில் சுருக்கமாகவே இருந்தது. மனுதாரர் வாரக் கடைசியில் தூண்டிலோடு ஆற்றங்கரைக்குப் போய்விடும் வழக்கமுடையவர் என்பது அவருடைய மனுவிலிருந்தே விளங்குகிறது. ஆகவே சனி, ஞாயிறு இரண்டு நாளும் மகள் தாயிடமே இருக்க வேண்டும்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆத்துக்கே போறதில்லன்னு எழுதிடலாம் சார்."

சீனியர் முகவாயைத் தடவினார். "எழுதலாம். ஆனா தூண்டில் உங்களோடதுன்னு நாமளே சொல்லிட்டோமே. ஆத்துக்குப் போகாதவருக்குத் தூண்டில் எதுக்குன்னு கேப்பாங்க."

"எனக்குச் சனி ஞாயிறு போயிடும் சார்."

"கலங்காதீங்க. குளம்னு போடலாம். குளம் பக்கத்தில இருக்கும், பிள்ளையையும் கூட்டிட்டுப் போகலாம்."

நம்பிக்கையான ஒருவரைத் தேடி அலைந்தவனுக்கு, நம்பியவரிடமிருந்து எப்படித் தப்புவது என்பது அப்போது தெரிந்திருக்கவில்லை. குளம் சேர்க்கப்பட்ட மனுவோடுதான் அவன் விசாரணைக்குப் போய் நின்றான்.

நீதிபதி அம்மாள் மாற்றலாகிப் புதிதாக வந்தவர். எல்லாத் தாள்களையும் நிதானமாகப் புரட்டினார். பிறகு குமாஸ்தாவைப் பார்த்தார்.

"இந்த ஊர்ல மீன் பிடிக்காத ஆம்பளையே கிடையாதா? நான் வந்ததிலிருந்து எந்த மனுவைத் திறந்தாலும் தூண்டில்."

குமாஸ்தா மின்விசிறியைப் பார்த்தார்.

"சொல்லுங்க" என்றார் நீதிபதி மெக்கானிக்கிடம். "சனிக்கிழமை குளத்துக்குப் போனா குழந்தையை யார் பாத்துக்குவா?"

எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் அவன் தொண்டைவரை வந்தது. மகள் இடுப்பில் கை வைத்து நின்ற கோலம் கண்முன் வந்தது. பதிலை விழுங்கினான்.

"அம்மா, எனக்குத் தூண்டில் கிடையாது. தண்ணின்னாலே பயம். லிஃப்ட் குழியில தண்ணி நின்னாக்கூட வேற ஆளை அனுப்பிடுவேன்."

"அப்ப மாடியிலிருந்து எறிஞ்சது?"

"எங்களுக்கு மாடியும் கிடையாதுங்க."

மனைவி இருந்த பக்கத்திலிருந்து செருமல் கேட்டது.

"நாயும் கிடையாதுங்கம்மா" என்றாள் அவள். "நாய் முடி பட்டா எனக்கு உடம்பெல்லாம் தடிச்சுடும். ஆர்மோனியத்தை நான் படத்திலதான் பாத்திருக்கேன்."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இதையெல்லாம் யார் எழுதிக் கொடுத்தது?"

"பெஞ்சில ஒருத்தர்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"ரெண்டு பேருக்கும் ஒருத்தரா?"

"இல்லைங்கம்மா. அவருக்கு அந்தப் பெஞ்சு, எனக்கு இந்தப் பெஞ்சு" என்றாள் அவள். பிறகு கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "நாங்களா எழுதினது இது ஒண்ணுதான். இதில இருக்கிற காரணம் போதாதுன்னுதான் முதல்ல திருப்பிட்டாங்க."

சமையலறை மேசையில் எழுதிய அதே பக்கம். ஓரத்தில் எண்ணெய்க் கறைகூட அப்படியே இருந்தது. நீதிபதி அதைப் படிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"காரணம், ஒத்துவரவில்லை" என்று வாய்விட்டுப் படித்தார். "இதில என்ன குறைன்னு திருப்பினீங்க?"

குமாஸ்தா மீண்டும் மின்விசிறியிடம் அடைக்கலம் புகுந்தார்.

மற்ற மனுக்கள் தள்ளுபடியாயின. அந்த ஒற்றைப் பக்கம் ஏற்கப்பட்டது. சனி ஞாயிறு அவனுடையதாகவே இருந்தது. கையெழுத்துப் போட ஒரே மேசைக்கு வந்தபோது அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்: "மன்னிச்சுக்கோ. தூண்டில்னு நான் எழுதியிருக்கக் கூடாது."

"நான் மட்டும் என்னவாம்? டீச்சர் சொன்னாங்கன்னு அந்த நாய்க்குப் பேர் வச்சு, அதோட குணத்தைப் பத்தி ஒரு பத்தியே எழுதினேன்."

பல மாதங்களுக்குப் பிறகு இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள். பிரிவதற்கு அந்தச் சிரிப்பு எந்த இடைஞ்சலும் செய்யவில்லை. கதவைத் தாண்டித் தாழ்வாரத்துக்கு வந்ததும், பழக்கம் காரணமாக அவன் இடப்புறமும் அவள் வலப்புறமும் ஒதுங்கினார்கள்.

சீனியர் எழுந்தே நின்றுவிட்டார்.

"என்னாச்சு தம்பி? நாய் தானாத்தான் ஓடிச்சுன்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"எல்லாத்தையும் தள்ளிட்டாங்க சார். நாய், தூண்டில், ஆர்மோனியம் எதுவுமே நிக்கல. எங்க பழைய பக்கத்தையே எடுத்துக்கிட்டாங்க."

"ஆர்மோனியத்தைப் பத்தி ஒரு வார்த்தைகூடக் கேக்கலையா?"

"இல்லைங்க."

சீனியர் தளர்ந்து உட்கார்ந்தார். வழக்கில் வென்றவன் தோற்றவனைத் தேற்றுவதுபோல் மெக்கானிக் அவர் தோளைத் தொட்டான். அவர் அதைக் கவனிக்கவில்லை. பெஞ்சின் மறுகோடியில் புதிதாக வந்திருந்த ஓர் இளைஞன், வெற்றிடமாக இருந்த 'காரணம்' பகுதியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். சீனியரின் கை பேனாவைத் தேடியது.

"தம்பி, இப்படி வாங்க. உங்களுக்குத் தூண்டில் போடுற பழக்கம் உண்டா?"

வலப்புறப் பெஞ்சில் டீச்சர் தம் மடியிலிருந்த தாள்களை ஓரமாக வைத்தார். சிவப்புப் பேனாவை மூடினார். எழுந்தார். யாரும் குறுக்கே கடந்திராத அந்த ஆறடித் தரையின் நடுவுக்கு வந்து நின்று, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி சீனியரைப் பார்த்துச் சொன்னார்:

"ஏங்க, போதும். அந்தப் பிள்ளைங்களை விட்டுடுங்க. நம்ம கேஸை இனிமே நாமளே நடத்திக்கலாம்."