அப்பாவுக்கு கியர் கார் அனுப்ப வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய கார் பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் அலுவலக வாசலில் நிற்கும் கார்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நாங்களும் வருகிற சனிக்கிழமை காலை பத்து மணி வரைக்கும் சௌக்கியம்தான். அதற்குப் பிறகு எப்படி என்பது தங்கள் கையில் இருக்கிறது.

விஷயம் இதுதான். போன இதழில் சிறந்த வாசகர் கடிதம் என்று கட்டம் கட்டிப் போட்டீர்களே, ஸ்போர்ட்ஸ் காருக்குக் கையால் போடும் கியர் எதற்கு என்று அதற்கு முந்தின இதழில் கேட்ட பொறியாளருக்குப் பதில், அதை எழுதியது கீழே பெயர் இருந்த என் அப்பா இல்லை. நான். ஒன்பதாம் வகுப்பு. லைசென்ஸ் உள்ளவர்கள் மட்டும் எழுதலாம் என்று நீங்கள் விதி வைத்திருந்ததால் அப்பாவின் பர்ஸைத் திறந்து லைசென்ஸ் எண்ணை எடுத்தேன், கையெழுத்தையும் நானே போட்டேன். இதற்கு என்ன தண்டனை என்று பள்ளி நூலகத்தில் தேடினேன். சட்டப் புத்தகத்தில் அந்தப் பக்கம் வரைக்கும் போக தைரியம் வரவில்லை. இப்போதும் எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வாஷிங் மெஷின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பயம் பாதி, மெஷின் பாதி.

ஆனால் ஐயா, அந்தக் கடிதத்தில் ஒரு வரியையும் நான் வாபஸ் வாங்கவில்லை. ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி கண்ணிமைப்பதற்குள் கியர் மாற்றிவிடும், மனிதன் கையால் மாற்றுவது வெட்டி வேலை என்றார் அந்தப் பொறியாளர். லிஃப்டும்தான் வேகமாக மேலே போகிறது. அதற்காக மலையேறப் போனவர் அடிவாரத்தில் நின்று லிஃப்ட் எந்தப் பக்கம் என்று கேட்பாரா? இந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார் வழுக்கினால் தானே சமாளித்துக்கொள்கிறது, பிரேக்கைத் தானே திருத்திக்கொள்கிறது. முழு வேகத்தில் ஓட்டலாம் என்றால் தெருமுனையில் போலீஸ் நிற்கிறது. மிச்சம் ஓட்டுகிறவருக்கு என்ன வேலை இருக்கிறது? கியர் ஒன்றுதான். வளைவு வருவதற்கு முன்பே இரண்டாவதா மூன்றாவதா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். கிளட்சை மிதித்து, எஞ்சினை வேண்டிய அளவுக்கு உறும வைத்து, அலுங்காமல் விட வேண்டும். சரியாக விழுந்தால் பக்கத்தில் இருப்பவரின் கழுத்துக்குக்கூடத் தெரியாது, ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரியும். தப்பாக விழுந்தால் ஊருக்கே தெரியும். தப்பு உங்களுடையது என்பதால்தான் சரியும் உங்களுடையதாகிறது. நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே கிடைக்கிற சந்தோஷம் அது. சில புதுக் கார்களில் அந்த உறுமலையும் தானே போட்டுக்கொடுக்க ஒரு பொத்தான் இருக்கிறதாம். கியர் பிரியர்கள் முதல் வேலையாக அதை அணைத்துவிடுவார்களாம். நானும் அணைப்பேன்.

இவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பீர்கள். என் அம்மா ஆஸ்பத்திரிகளுக்குச் சலவைத் துணி கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறார். விடுமுறையில் நான் பக்கத்தில் உட்கார்ந்து கியர் போடுவேன். அம்மா கிளட்சை மிதிப்பதோடு சரி, எந்த கியர் என்று சொல்ல மாட்டார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு நானே போட வேண்டும். தப்பாகப் போட்டால், "துணிக்கெல்லாம் வலிக்குது பாரு" என்பார்.

அப்பா அப்படி இல்லை. அவர் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறவர். பிறந்ததிலிருந்து ஆட்டோமேட்டிக்தான். உங்கள் பத்திரிகையைப் பன்னிரண்டு வருடமாக வாங்கி, படங்களை மட்டும் பார்ப்பார். போன இதழ் வந்த அன்று தன் பெயரைப் பார்த்தார். புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தார். மறுபடி திறந்தார். நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன், ஒரே தட்டை ஐந்து தடவை துடைத்தேன். என்ன என்று அம்மா கேட்டதும் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒரு லெட்டர் போட்டிருந்தேன். போட்டுட்டாங்க போல" என்றார்.

"நீங்களா?"

"ஏன், எனக்கு எழுத வராதா?"

ஐயா, திருடிய எனக்கே மூச்சு நின்றுவிட்டது. மூன்றாம் நாள் அவர் அதை மனப்பாடமாக ஒப்பித்தார். நான்காம் நாள், "இங்க ஒரு கமா போட்டிருக்கணும், அவசரத்துல விட்டுட்டேன்" என்று வருத்தப்பட்டார்.

அதோடு போயிருந்தால் நானும் செத்தேன் பிழைத்தேன் என்று இருந்திருப்பேன். நீங்கள் விட்டீர்களா? பரிசாக ஆறு கியர் ஸ்போர்ட்ஸ் காரை சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டு வாசலுக்கே அனுப்புகிறோம், ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள், படம் எடுத்துப் போடுகிறோம் என்று எழுதிவிட்டீர்கள். அன்றிலிருந்து அப்பா யாருக்கும் தெரியாமல் கியர் பழகுகிறார், அது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்து, காலடியில் என் கணக்கு, அறிவியல் புத்தகங்களையும் அகராதியையும் பெடலாக வைத்து, வாளிக்குள் குடையை நட்டு அதைப் பிடித்து ஆட்டுகிறார், வாயால் எஞ்சின் சத்தம் வேறு, நான்காவது கியருக்குப் போனபோது வாளி கவிழ்ந்தது. அப்புறம் பெயின்ட் கடைக்காரரின் பழைய கியர் காரை விடியற்காலையில் இரவல் வாங்கினார், கடை வாசலிலேயே ஏழு தடவை நின்று ஏழு தடவை குதித்தது, "சார், இறங்கிடுங்க, எனக்கு இருக்கிறது ஒரே வண்டி" என்று அவர் கெஞ்சினாராம், எட்டாவது குதியில் பின்னால் இருந்த மஞ்சள் பெயின்ட் டப்பா திறந்துகொண்டது, அப்பா மஞ்சள் பேன்ட்டோடு வீட்டுக்கு வந்து ஆபீஸில் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்றார். அதைவிட மோசம், நாற்காலியில் பழகிய இடது கால் சொந்த ஆட்டோமேட்டிக் காரிலும் கிளட்சைத் தேட ஆரம்பித்துவிட்டது. அங்கே கிளட்ச் ஏது? அகலமான பிரேக்தான் இருக்கிறது. நடு ரோட்டில் அதை ஓங்கி மிதித்தார், பின்னால் வந்த பல் டாக்டர் நேராக வந்து மோதினார். அப்பா தன் விபத்து விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'காலின் ஞாபகப் பிசகு' என்று எழுத, அவருடைய மேனேஜரே அதைத் திருப்பி அனுப்பினார்.

அந்த மேனேஜர் கியர் கார் வைத்திருப்பவர். வளைவில் எந்த கியர் போடுவீர்கள் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். "அத வளைவுகிட்டதான் கேக்கணும் சார்" என்று அப்பா சொல்ல, அவர் அதை நோட்டில் குறித்துக்கொண்டாராம். சனிக்கிழமை அவர் தலைமையில் மொத்த ஆபீஸும் எங்கள் வாசலுக்கு வேடிக்கை பார்க்க வருகிறது.

நானே அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நேற்று சொல்லத்தான் போனேன். அவர் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டே, "உனக்கு ஒண்ணு தெரியுமா? பதினெட்டு வருஷத்துல இப்பதான் ஆபீஸ்ல என்கிட்ட வந்து சந்தேகம் கேக்கிறாங்க" என்றார். நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஆகவே தங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். காரில் ஏதோ பழுது, அனுப்ப முடியவில்லை என்று அப்பாவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். என் பெயர் வர வேண்டாம். கியர் பெட்டி பழுது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அந்தப் பொறியாளர் சந்தோஷப்படுவார்.

தங்கள் கிளட்ச் நெடுநாள் தேயாமல் இருக்கவும், ஏற்றத்தில் நிற்கும்போது தங்கள் வண்டி ஒருபோதும் பின்னால் உருளாமல் இருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

லைசென்ஸ் இல்லாத வாசகி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அப்பா கதவைத் தட்டிவிட்டார். கடிதத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் மெஷினுக்குள் போட்டேன், அவரோ கறை போகாத மஞ்சள் பேன்ட்டைத் துவைக்கப் போட வந்தவர், மூடியைத் திறந்ததும் அதுதான் முதலில் தெரிந்தது. அவர் குளியலறை முக்காலியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். அடி விழும் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"பக்கத்துல இருக்கிறவர் கழுத்துக்குக்கூடத் தெரியாதுன்னு எழுதியிருக்கியே, அது அந்த லெட்டர்ல இல்லையே?"

"இப்பதான்பா தோணுச்சு."

"அதையும் அதுல போட்டிருக்கலாம்" என்றார். பிறகு தாளை மடித்து என்னிடமே நீட்டினார். நான் அழ ஆரம்பித்ததும் சொன்னார்: "எனக்கு ஓட்ட வராதுன்னு சனிக்கிழமை எல்லார் முன்னாலயும் நானே சொல்லிடறேன். உங்கம்மா ஓட்டட்டும், நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன். அதுல ஒரு வெக்கமும் இல்ல. ஆனா எழுதுனது நானில்லன்னு மட்டும் ஆபீஸுக்குத் தெரியக் கூடாது."

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எட்டு மணிக்கே கொண்டுவரச் சொல்லி எழுது. பத்து மணிக்கு எனக்கு ஆஸ்பத்திரி லோடு இருக்கு."

எனவே ஐயா, காரைத் தவறாமல் அனுப்பவும். முதல் கடிதத்தை எழுதியது அப்பாதான். இந்தக் கடிதத்தை யாரும் எழுதவில்லை.