சம்பந்தியும் ஐந்தாம் நம்பர் குதிரையும்

“சம்பந்தி, இதில ‘பிளாட்ஸ்’ எண்டு எழுதிக்கிடக்குது. அது என்ன பந்தயம்?”

ஹனோவர் குதிரைப் பந்தயத் திடலில், சீட்டு விற்கும் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றபடி சூசைதாசன் கேட்டார். அம்புறோசுக்குக் குப்பென்று வியர்த்தது.

உண்மையில் சூசைதாசன் இன்னும் சம்பந்தி ஆகவில்லை. ஆகவேண்டும் என்பதுதான் அம்புறோஸ் வீட்டின் ஒரே பிரார்த்தனை. மகள் லவினியாவும் சூசைதாசனின் மகன் சஞ்சயனும் விரும்பி இரண்டு வருடமாகிறது; பெரியவர்கள் பேசி முடிப்பதுதான் பாக்கி. முதல் தடவை தொலைபேசியில் பேசியபோது, “என்ன வேலை செய்யிறியள்?” என்று அவர் கேட்க, “குதிரையளோடதான்” என்று அளந்துவிட்டார் அம்புறோஸ். பந்தய நாட்களில் மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் கை காட்டுவதுதான் அவருடைய வேலை. அந்தப் புளுகை விரித்துச் சொல்லவே நேரம் போய்விட்டதால், பென்சன் எடுத்துவிட்ட சூசைதாசன் முன்பு என்ன வேலை பார்த்தவர் என்று திருப்பிக் கேட்க அம்புறோஸ் மறந்துபோனார்.

“அப்ப உங்கட குதிரையளை எங்களுக்கும் காட்டுங்கோவன்” என்று, மனைவி பேர்பெச்சுவாவையும் கூட்டிக்கொண்டு ஆஹென் நகரத்திலிருந்து வந்து இறங்கிவிட்டார் மனுசன்.

“பிளாட்சோ? அது... குதிரை சரியா ரெண்டாவதா வரோணும். முந்தினாலும் பிழை, பிந்தினாலும் பிழை.”

சூசைதாசன் பணிவாகத் தலையாட்டி, ஐந்தாம் நம்பரில் ஒரு பிளாட்ஸ் எடுத்தார். ஐந்து யார் சொல்லையும் கேளாமல் முதலாவதாக வந்தது.

“சரிவரேல்லை சம்பந்தி. அவசரப்பட்டிட்டுது. சீட்டுப் பழுது.”

சொன்னதோடு நில்லாமல் அம்புறோஸ் அதை வாங்கி இரண்டாகக் கிழித்தும் விட்டார். சூசைதாசன் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். நிலத்தில் குப்பை போடாத மனிதர் என்று அம்புறோஸ் மனதுக்குள் மெச்சினார்.

“முன்னுக்கு நிண்ட தாத்தாவும் ஐஞ்சிலதானே பிளாட்ஸ் எடுத்தவர்? அவர் ஏன் திரும்பவும் ஜன்னலடியில நிக்கிறார்?”

“முறைப்பாடு குடுக்க.”

“சிரிச்சுக்கொண்டோ?”

“ஜெர்மன்காரருக்கு முறைப்பாடு எண்டால் சந்தோசம்தானே.”

உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேர்பெச்சுவாவுக்குப் புரையேறியது. சூசைதாசன் விடுவதாயில்லை.

“அப்ப இந்த ‘டிறையர்’ எண்டால்?”

“மூண்டு குதிரை சொல்லோணும். மூண்டும் ஒரே நேரத்தில கோட்டைத் தாண்டோணும்.”

“அப்பிடி வருமோ?”

“பழக்கியிருக்கிறம்.”

“நீங்களோ?”

“நான்... மேற்பார்வை.”

அந்த நேரம் பார்த்து மஞ்சள் மேலங்கிக்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“அம்புறோஸ், இன்றைக்கு உனக்கு விடுமுறை என்று தெரியும்,” என்றார் ஜெர்மனில். “கார் நிறுத்துமிடத்தில் ஒரு பஸ் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நீ வந்து கை காட்டினால்தான் எடுப்பேன் என்கிறார் சாரதி.”

முப்பது வருடம் ஜெர்மனியில் இருந்த சூசைதாசனுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அம்புறோசுக்கு லவினியாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அவருடையது எட்டு நிமிடம்கூட ஒழுங்காக ஓடவில்லை.

“மன்னியுங்கோ,” என்றார். “நான் கார் விடுற இடத்திலதான் வேலை. குதிரையை வேலிக்கு வெளியால பாத்ததோட சரி. பந்தயத்தைப் பற்றி ஒரு அறுப்பும் தெரியாது. உங்கட சீட்டையும் வீணாக் கிழிச்சுப்போட்டன். என்ர பொய்யைப் பிள்ளையின்ர தலையில போடாதையுங்கோ.”

சூசைதாசன் சட்டைப் பையிலிருந்த துண்டுகளை எடுத்துக் கவனமாகப் பொருத்திப் பார்த்தார். பிறகு மனைவியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். பேர்பெச்சுவா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“யோசியாதையுங்கோ அண்ணை. இவர் பென்சன் எடுக்குமட்டும் இருவது வருசம் இப்பிடியொரு ஜன்னலுக்குள்ள இருந்து பந்தயச் சீட்டு வித்தவர். முதல் மூண்டுக்குள்ள வந்தாலே பிளாட்சுக்குக் காசு எண்டு அவருக்குத் தெரியும். பொய் சொல்லத் தெரியாத வீட்டில பொம்பிளை கிடைச்சிட்டுதாம், நாளைக் குறிக்கட்டாம்.”