டம்மி அவுட்புட்

உதயராஜ் எழுந்தான். கேத்தலில் தண்ணீர் வைத்தான். பல் விளக்கினான். மாமனாருக்கு ஒரு பிளேன்டீயும் தனக்கு ஒரு பிளேன்டீயும் ஊற்றினான். ரொட்டி சுட்டான். முன்னறைக்குப் போய்க் கம்பியூட்டரின் பட்டனை அழுத்தினான். அது ஓடவில்லை. பெட்டியின் இடது விலாவில் ஒரு குத்து விட்டான். ஓடியது.

அதன் பிறகு மாமனார் செல்லத்துரை குளித்துவிட்டு வந்தார். மொனிட்டரின் நெற்றியில் விபூதி பூசினார். மிச்சத்தைப் பெட்டியின் முன்பக்கத்தில் பூசினார். ஊதுபத்தியைச் சுற்றிக் காட்டினார். பெட்டிக்குள் இருந்த விசிறி புகையை இழுத்துக்கொண்டு கொஞ்சம் இருமியது.

"மாப்ள, இன்னைக்காவது பேசுமா?"

"பேசாது மாமா."

"சரி."

ஒரு வருடமாக அந்த வீட்டில் காலை இப்படித்தான் விடிந்தது.

கம்பியூட்டர் சர்மிளாவுடையது. உதயராஜின் மனைவி, செல்லத்துரையின் ஒரே மகள். கொடகவெல பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கம்பியூட்டர் படிப்பித்தாள். கழித்துப் போட்ட உதிரிகளைச் சேர்த்து அவளே அந்த மெஷினைக் கட்டி, லினக்ஸ் போட்டிருந்தாள். காசு கேட்காது, வைரஸ் வராது என்பது அவள் சொன்ன காரணம். அதன் குணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கத்துச் சனங்களைப் போல அவளுக்கும் பேச்சு பாதி தமிழ், பாதி சிங்களம். நிதானமாக இருந்தால் தமிழ். அவசரம் என்றால் சிங்களம் முந்திக்கொள்ளும். கம்பியூட்டரை இரண்டிலும் திட்டுவாள்.

ஒரு நாள் அவள் தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரம் தூரத்தில் இடி இடித்தது. செல்லத்துரை தேயிலைத் தோட்டத்தில் ஆள் மேய்த்து ஓய்வு பெற்ற கங்காணி. ஆபத்து வந்தால் ஆளை விரட்டித்தான் பழக்கம். ஓடிப் போய்ப் ப்ளக்கைப் பிடுங்கினார். மின்னலிடமிருந்து மெஷின் தப்பியது. வினாத்தாள் தப்பவில்லை.

அன்றிலிருந்து சர்மிளா அப்பாவோடு பேசவில்லை. சோறு போட்டாள், வேட்டி துவைத்தாள், காய்ச்சல் என்றால் மாத்திரை எடுத்து வைத்தாள். பேச்சு மட்டும் உதயராஜ் வழியாகத்தான் போகும். மூவரும் ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கும்போதே, "அப்பாகிட்டச் சொல்லுங்க, சோறு ஆறுதுன்னு" என்பாள். உதயராஜ் திரும்பிப் பார்த்துச் சொல்லுவான். செல்லத்துரை அவனுக்குத்தான் தலையாட்டுவார்.

அப்படியே ஒரு காய்ச்சல் அவளுக்கே வந்தது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் நிறுத்திக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கம்பியூட்டர் ஒரு பெரிய அப்டேட் கேட்டது. யெஸ்ஸா, நோவா என்று நடுத்திரையில் நின்றது. உதயராஜ் அதைப் படம் எடுத்துச் சர்மிளாவுக்கு அனுப்பினான். பதில் வரச் சுணங்கியது. அவன் யெஸ் கொடுத்துவிட்டான்.

அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவளுடைய குரல் செய்தி வந்தது. கம்பியூட்டரிலேயே இறக்கி ஓடவிட்டான். வார்ட்டின் இரைச்சலுக்கு நடுவில், "எப்பா... எப்பா..." என்று கேட்டது. அத்தோடு ஸ்பீக்கர் போய்விட்டது. அன்று பின்னேரம் சர்மிளாவும் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்கு ஓடிய பஸ்ஸில் அவனுடைய போனும் போய்விட்டது.

செத்த வீட்டில் எல்லோரும் கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று. உதயராஜ் கேட்டதைச் சொன்னான். களைப்பில் சொல்லியிருப்பாள் என்றுதான் அவன் நினைத்தான்.

மூலையில் சுருண்டு கிடந்த செல்லத்துரை எழுந்து உட்கார்ந்தார்.

"என்னயத்தான் கூப்புட்டிருக்கா. சின்னப் புள்ளையில அப்பிடித்தான் கூப்புடுவா. எப்பான்னு."

பிறகுதான் அவர் தண்ணீர் குடித்தார். உதயராஜ் இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தான். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு கிழவர் ஒரு வருடம் சாப்பிட்டார், தூங்கினார், கம்பியூட்டருக்கு விபூதி பூசினார்.

இப்போது வருஷத் திதி வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை. செல்லத்துரை மேல் லயம், கீழ் லயம், ஸ்டோர் லயம் என்று தோட்டத்து வீட்டு வரிசை மூன்றுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மக தன்னைக் கூப்பிட்ட சத்தத்தை எல்லோரும் கேட்க வேண்டும், கேட்டுவிட்டுத்தான் சாப்பாடு என்று சொல்லியிருந்தார்.

குரலைப் புதுப் போனுக்கு மாற்றினால் முடிந்துவிடும் என்று உதயராஜ் சொன்னான். ஒரு நிமிட வேலை. காப்பி எடுத்தால் போதும்.

செல்லத்துரை அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறப்புச் சான்றிதழுக்கும் சேமலாப நிதிக்கும் அவர் ஏறாத ஆபீஸ் இல்லை.

"காப்பிய நீட்டி எந்த ஆபீசுலயாவது நம்மளுக்கு வேல நடந்திருக்கா மாப்ள? எனக்கு ஒரிஜினல்தான் வேணும்."

உதயராஜ் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அவனும் பட்டதாரி. அவனையும் பல ஆபீஸ்களில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தவிர, அந்தக் குரலைக் கேட்க அவனுக்கு அப்படி ஒன்றும் அவசரம் இருக்கவில்லை. இருந்திருந்தால் ஒரு வருடம் ஆகியிருக்காது.

தோட்டத்து ஆபீஸில் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தான். சத்தத்துக்கான பக்கத்தைத் திறந்தான். ஸ்பீக்கரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'டம்மி அவுட்புட்' என்று இருந்தது.

"அப்பிடின்னா?" என்றார் செல்லத்துரை.

"சத்தம் போற மாதிரியே காட்டும் மாமா. ஆனா எங்கயும் போகாது."

"நாங்க தோட்டத் தொரைகிட்டக் குடுத்த மனு மாதிரி."

புதுப் போனில் தேடிப் பார்த்தான். இதே கோளாறு வந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அவர்களில் ஒருவர், சத்தத்தைப் பார்க்கிற மென்பொருளைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போடு என்று எழுதியிருந்தார். உதயராஜ் கழற்றினான். இதோடு சேர்ந்தவையும் போகும், பரவாயில்லையா என்று மெஷின் நீளமாகக் கேட்டது. யெஸ் கொடுத்தான். சத்தத்தைப் பார்க்கிற மென்பொருள் போனது. போகும்போது டெஸ்க்டாப்பையும், சின்னங்களையும், மவுஸின் அம்புக்குறியையும் கூட்டிக்கொண்டு போனது. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுங்கி மினுங்கி அணைந்தது.

செல்லத்துரை குனிந்து பார்த்தார்.

"கண்ணு சிமிட்டுது. உசுரு இருக்கு."

போனதைத் திரும்பக் கொண்டுவர இன்டர்நெட் வேண்டும். வீட்டில் வந்த சிக்னல் இதற்குக் காணாது. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில்தான் நன்றாக வரும். பெட்டியைக் கொழுந்துச் சாக்கில் போட்டுச் செல்லத்துரை முதுகில் தூக்கிக்கொண்டார். மொனிட்டரை உதயராஜ் தூக்கினான். மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற நேரம். வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை பழக்கத்தில் சாக்கை வாங்கித் தராசில் மாட்டி, சாக்குக்குக் கொஞ்சமும் ஈரத்துக்குக் கொஞ்சமும் கழித்துவிட்டு நிறையைச் சொன்னார். ஈரம் எங்கே இருக்கிறது என்று செல்லத்துரை சண்டைக்குப் போனார். கம்பியூட்டர் என்று தெரிந்த பிறகும் கணக்கப்பிள்ளை கழித்ததைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

டெஸ்க்டாப் வந்துவிட்டது. தலைகீழாக வந்தது.

உதயராஜ் அதை நிமிர்த்தத் தெரிந்த கட்டளையெல்லாம் அடித்துப் பார்த்தான். ஒன்றில் படம் பச்சையானது. இன்னொன்றில் எழுத்துகள் எல்லாம் எறும்பளவு ஆயின. கடைசியில் செல்லத்துரை மொனிட்டரைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பி, இரண்டு பிஸ்கட் டின்னுக்கு நடுவில் சொருகி வைத்தார். படம் நேரானது. மவுஸை வலது பக்கம் தள்ளினால் அம்பு இடது பக்கம் போனது. அதற்குப் பழகிக்கொள்வது சுலபம் என்று உதயராஜுக்குத் தோன்றியது. அதைவிடப் பெரிய விஷயங்களுக்கெல்லாம் அவன் பழகியிருந்தான்.

டம்மி அவுட்புட் போயிருந்தது. அந்த இடத்தில் இப்போது 'ஹெட்போன்' என்று இருந்தது. ஹெட்போன் சொருகியிருப்பதாக மெஷின் சாதித்தது. அந்த வீட்டில் ஹெட்போனே கிடையாது. டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். சொருகுகிற ஓட்டை விபூதியால் அடைத்துக் கிடந்தது.

செல்லத்துரை முகம் கறுத்துவிட்டது. விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கு உருவிக் குத்தினார். ஈர்க்கு உள்ளேயே முறிந்தது. இப்போது மெஷின் சொன்னது உண்மையானது. ஓட்டையில் ஏதோ சொருகித்தான் இருந்தது.

சனிக்கிழமை பஸ் ஏறிக் கொடகவெலக்குப் போனார்கள். பஸ்ஸில் ஒரு சீட்தான் கிடைத்தது. அதில் பெட்டியை உட்கார வைத்துவிட்டு இருவரும் நின்றார்கள்.

கம்பியூட்டர் கடை நுஹ்மான் பெட்டியைத் திறந்தான். உள்ளே சாம்பல் ஒரு விரற்கடை படிந்திருந்தது. விசிறி முழுக்க ஊதுபத்திக் கரி. சந்தன வாசம் கடை முழுக்கப் பரவியது.

"தம்பி, இது கம்பியூட்டரா, கோயிலா?" என்றான்.

பிறகு தன் முடிவைச் சொன்னான். போர்டில் சத்தத்துக்கான பகுதி முடிந்துவிட்டது. லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸ் போட்டால் வேறு வழி ஏதும் பார்க்கலாம். உள்ளே இருக்கிறதெல்லாம் போகும், ஆனால் சுத்தமாகிவிடும். அவன் சொல்லி முடிப்பதற்குள் செல்லத்துரை பெட்டியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு ரோட்டில் நின்றார். ஒரு லொறி பிரேக் அடித்தது.

உதயராஜ் விஷயத்தைச் சொன்னான். நுஹ்மான் கடையின் அலமாரியைக் கிளறினான். பிறகு நகம் அளவில் ஒரு ப்ளூடூத் துண்டை எடுத்துப் பின்பக்கம் சொருகினான். கோயிலில் இருக்கிற பெரிய ஸ்பீக்கர் பொக்ஸில் ப்ளூடூத் இருக்கும், வயரே இல்லாமல் அதில் விடலாம் என்றான்.

ரோட்டிலிருந்து திரும்பி வந்திருந்த செல்லத்துரைக்குச் சந்தேகம் தீரவில்லை.

"இப்ப இது ஒரிஜினலா, காப்பியா?"

"ஐயா, வாய் அதே வாய்தான். மைக்தான் வேற" என்றான் நுஹ்மான்.

அது அவருக்குப் பிடித்துப் போனது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் தகரப் பந்தல் போட்டிருந்தது. நடுவில் மாலை போட்ட சர்மிளாவின் படம். பக்கத்தில் தலைகீழ் மொனிட்டர். அதற்கும் ஒரு மாலை. மூன்று லயத்துச் சனமும் வந்திருந்தது. பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற குசுமா என்ற சிங்களப் பெண் முன்வரிசையில் இருந்தாள். சர்மிளா அவளுக்குப் போன் பாவிக்கப் பழக்கிக் கொடுத்தவள்.

பூசை முடிந்தது. உதயராஜ் மவுஸை எதிர்ப்பக்கமாகத் தள்ளித் தள்ளிக் கோயில் பொக்ஸைத் தேடிப் பிடித்தான். பொக்ஸிலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று, "கனெக்டட்" என்றது. பின்னால் இருந்த ஒரு கிழவி உடனே ஒப்பாரியை ஆரம்பித்தாள். அது சர்மிளா இல்லை, இனிமேல்தான் சர்மிளா என்று செல்லத்துரை எழுந்து விளக்கம் சொன்னார். கிழவி நிறுத்திக்கொண்டாள்.

செல்லத்துரை சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு பொக்ஸுக்கு நேராக நின்றார். பேர் கூப்பிட்டால் ஆஜர் சொல்லப் போகிறவரைப் போல நின்றார்.

உதயராஜ் குரலை ஓடவிட்டான்.

வார்ட்டின் இரைச்சல் வந்தது. கட்டில் உருளுகிற சத்தம் வந்தது. பிறகு ஒரு வருடம் கழித்து, தேயிலை மலை முழுக்கக் கேட்கிற மாதிரி, அவள் வந்தாள்.

"எப்பா... எப்பா..."

செல்லத்துரை இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பொக்ஸில் இருமல் சத்தம் நீண்டுகொண்டே போனது.

இரண்டு இருமலுக்கு நடுவில் குசுமா பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அனே, மிஸ் எதுக்கு எப்பா சொல்றது? என்ன வேணாமாம்?"

அங்கே இருந்த எல்லோருக்கும் சிங்களம் தெரியும். கடையில், பஸ்ஸில், ஆபீஸில் ஒரு நாளைக்குப் பலமுறை 'எப்பா' சொல்லி வேண்டாததை வேண்டாம் என்கிறவர்கள்தான். யாரும் செல்லத்துரையைப் பார்க்கவில்லை. கணக்கப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்தார்.

கூப்பிய கைகள் இறங்கின. செல்லத்துரை சுவரோரம் நடந்தார். குனிந்தார். ப்ளக்கைப் பிடித்தார். உதயராஜ் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். எழுந்திருக்கவில்லை.

பொக்ஸில் இருமல் நின்றது. மூச்சு வாங்கியது. அவசரம் தீர்ந்து, இப்போது தமிழில் வந்தது.

"அதுக்கு யெஸ் குடுத்துறாதீங்க. அப்பாகிட்டச் சொல்லுங்க, ப்ளக்கப் புடுங்க வேணாம்னு. நா வந்து பாத்துக்கிறேன்."