திறந்திருந்த ஷட்டரைத் திறந்தவர்

கடலூர் அலுவலகமும் சிதம்பரம் அலுவலகமும் எந்த விஷயத்தையும் ஒரே மாதிரி அறிந்திருக்க வேண்டும் என்பது மேலிடத்தின் நீண்ட நாள் விருப்பம். அதற்காகவே வடிகால் நிலை ஒத்திசைவுப் பிரிவு தொடங்கப்பட்டது.

பரங்கிப்பேட்டை பக்கத்து வடிகால் வாய்க்கால் ஷட்டரில் ஒரு பெட்டி பொருத்தினார்கள். ஷட்டர் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது சிதம்பரத்துக்குச் சொல்லும். சிதம்பரம் கடலூருக்குச் சொல்லும். மூன்று முறை தகவல் வராவிட்டால் 'நிலை தெரியவில்லை' என்று கம்ப்யூட்டர் திரை சிவக்கும். கடலூர் செயற்பொறியாளர் சபாபதிக்குச் சிவப்பு பிடிக்காது.

"பெட்டி சொல்லலன்னா, சிதம்பரம் நம்மளக் கேட்டுக்கட்டும்" என்று உத்தரவிட்டார்.

ஐப்பசியில் எலி பெட்டியின் ஒயரைக் கடித்தது. 'திறந்திருக்கிறது' என்பதுதான் பெட்டி கடைசியாகச் சொன்னது. சிதம்பரம் கடலூரைக் கேட்டது. சிதம்பரம் முன்பு சொன்னதையே கடலூர் திருப்பிச் சொன்னது. அதைப் புதுத் தகவலாகப் பதிந்துகொண்டு சிதம்பரம் மறுபடி கடலூருக்கு அனுப்பியது. கடலூர் அதைப் பெற்றுக்கொண்டதாக முறைப்படி தெரிவித்தது. இப்படியே பதினோரு நாள் திரை பச்சையாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் கடல் ஏறியது. உப்புத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க ஷட்டர் காவலர் தேவநாதன் ஷட்டரை இறக்கினார். கடல் ஏறினால் இறக்க அவரே போதும். ஏற்றத்தான் உத்தரவு வேண்டும். அன்றைக்கே பெருமழை. கடல் இறங்கியும் வடிய வழியில்லாமல் இளவரசியின் இரண்டு ஏக்கர் சம்பாவில் நுனி மட்டும் தெரிந்தது. அவள் சிதம்பரம் அலுவலகத்துக்கு போன் போட்டாள். கம்ப்யூட்டர் பார்க்கும் ரேகா எடுத்தாள்.

"ஷட்டர் தொறந்துதாம்மா இருக்கு."

"அதுமேலதாங்க நின்னு பேசுறேன். மூடியிருக்கு."

"நீங்க ஒருத்தர் சொல்றீங்க. இங்க ரெண்டு ஆபீஸ் சொல்லுது."

"சரிங்க, தொறக்க ஒரு உத்தரவு குடுங்க."

"தொறந்திருக்கறத எப்படித் தொறக்கச் சொல்றது? மொதல்ல மூட உத்தரவு போடணும். மழைக்காலத்துல அது போடக் கூடாதும்மா."

இளவரசி போனை வைத்துவிட்டுத் தேவநாதனிடம் திரும்பினாள். "மாமா, பொழுது சாயறதுக்குள்ள வடியலன்னா எல்லாம் அழுவிடும்" என்றாள்.

தேவநாதனுக்கு ஓய்வுபெற நான்கு வருடம் இருந்தது. ஆனாலும் கைப்பிடியை மாட்டினார். இருவரும் சேர்ந்து சுற்றினார்கள். பாதிப் பயிர் பிழைத்தது.

அவரைப் பாராட்டி ஊர்க்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டார். மூன்றாம் நாள் மெமோ வந்தது: உத்தரவின்றி ஷட்டரைத் திறந்த தங்களை ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது?

விசாரணைக்கு வந்த சபாபதி இரக்கமுள்ளவர்.

"பதிவுப்படி ஷட்டர் தொறந்தே இருந்துச்சு. தொறந்திருந்தத இவரு தொறந்திருக்க முடியாது. ஊர்ல அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டா மெமோவ ரத்து பண்ணிடலாம்."

"மூடித்தாங்க இருந்துச்சு" என்றாள் இளவரசி.

"அப்ப இவரு வேலை போயிடும்."

இளவரசி பேனாவை வாங்கி முதல் கையெழுத்தைப் போட்டாள். அவளுக்குப் பின்னால் நாற்பத்தொரு பேர் போட்டார்கள். கைக் கொப்புளம் ஆறாத தேவநாதன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

மெமோ ரத்தானது. அடுத்த வாரம், அடுத்த மழைக்குள் பெட்டியைப் பழுது பார்க்கச் சொல்லி எல்லோரும் கடலூருக்கு மனு கொண்டுபோனார்கள். சபாபதி கோப்பைப் பிரித்தார்.

"பழுதா? ஷட்டர் தொறந்திருக்குன்னு பெட்டி சொல்லிச்சு. அதையேதான நாப்பத்திரண்டு பேரும் எழுதிக் குடுத்திருக்கீங்க? உங்க கடுதாசிய வச்சுத்தான் மீதி முப்பது ஷட்டருக்கும் இதே பெட்டிய வாங்கச் சொல்லி எழுதியிருக்கேன்."