மேஜையில் விழுந்த இரண்டு கோடு

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள், உங்கள் இடது முழங்காலும் ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரி எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். கை வரமாட்டேன் என்கிறது. நம் பேத்தி வாலுவுக்கு மறுபடியும் வயிற்று வலி. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நன்றாகத்தான் போகிறாள், சாயங்காலம் கடைக்கு வந்து என்னோடு சிரித்து விளையாடுகிறாள், ராத்திரி ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுகிறாள். முகம் சுண்டிப்போய்விட்டது. பார்க்கச் சகிக்கவில்லை, சம்பந்தி.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். வாலுவுக்குக் கோதுமை ஆகாது, கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்கிற சத்து ஒரு பொடி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொன்னபோது நாம் இரண்டு பேரும்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். "ஒரு பொடின்னா எவ்வளவு டாக்டர்?" என்று நீங்கள் கேட்டீர்கள், "கண்ணுக்குத் தெரியாத அளவு" என்றார் அவர், அன்றிலிருந்து எனக்குக் கண்ணுக்குத் தெரியாததெல்லாம்தான் தெரிகிறது. என் மகள் ஆபீஸ் வேலையை விட்டாள், குளூட்டன் இல்லாத பேக்கரி ஒன்றைத் திறந்தாள், உங்கள் மகன், அதாவது என் மாப்பிள்ளை, சம்பளத்தில் பாதியை அதில் போட்டார். அரிசி மாவு, சோள மாவு, உருளைக்கிழங்கு மாவு, இவ்வளவுதான் உள்ளே வரலாம். ஓட்ஸ் கூடாது, ஏனென்றால் கோதுமை அரைக்கிற மில்லிலேயே அதையும் அரைக்கிறார்களாம். பாதாம் போட்டால் கேக் பிய்த்துக்கொண்டு போகும் என்று நான்கூடச் சொல்லிப் பார்த்தேன். "பாதாம் ஒத்துக்காத பிள்ளைங்களும் வருவாங்கப்பா, அவங்க எங்க போவாங்க?" என்றாள். என் வயிற்றில் பிறந்த பெண்ணா என்று பெருமையாக இருந்தது என்று எழுதினேன், உங்கள் சம்பந்தியம்மா, அதாவது என் வீட்டுக்காரி, பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "யார் வயித்துல?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை வாசல் வேலை. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவனுக்கு அதைவிடப் பொருத்தமான உத்தியோகம் உண்டா? டிக்கெட் வாங்காதவன் உட்காருகிற உட்காரலிலேயே எனக்குத் தெரிந்துவிடும், கோதுமையோடு வருகிறவனும் அப்படித்தான். பழைய நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு (துவைத்தால் சாயம் போய்விடும் என்று அதைத் துவைப்பதில்லை) வாசலில் நின்றால், வெளியிலிருந்து ஒரு துரும்பு உள்ளே போகாது. மாவு வண்டிக்காரர் வருவார். "சட்டையைத் தட்டிட்டு வாப்பா, மாவா இருக்கு" என்பேன். "மாவு மூட்டை தூக்கறவன் சட்டையில மாவு இல்லாம மல்லிகைப்பூவா சார் இருக்கும்?" என்பார். "இங்க வர்றதுக்கு முன்னாடி எங்க இறக்கின?" என்று கேட்டேன் ஒருநாள். "முன்னாடித் தெரு ரொட்டிக் கடையில" என்றார். ஆயிற்று, கோதுமை! மூட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டேன். அன்றைக்கு ரொட்டி போட மாவில்லாமல் மகள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள் என்பது வேறு விஷயம். பேக்கிங் பவுடர் டப்பாவில் பொடி எழுத்தில் 'மாவுச்சத்து' என்று போட்டிருந்தது, எந்த மாவு என்று போடவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டேன், பாட்டுப் போட்டுக் காதைக் குடைந்தார்கள், கடைசியில் ஒரு பெண் வந்து, "எல்லாரும் சாப்பிடறதுதானே சார்" என்றாள். "எல்லாரும் சாப்பிடட்டும்மா, என் பேத்தி சாப்பிடலாமா, அதைச் சொல்லு" என்றேன். அவளுக்குத் தெரியவில்லை, டப்பா குப்பைக்குப் போயிற்று.

இதைவிடக் கூத்து ஒன்று கேளுங்கள். போன வாரம் ஒருவர் கையில் பையோடு விறுவிறுவென்று உள்ளே நுழையப் பார்த்தார். மறித்தேன், பையைத் திறங்க என்றேன். திறந்தார். பாதி கடித்த பன்! "உள்ள ஒரு குழந்தை வளைய வருது, நீங்க பன்னோட வர்றீங்களே, நியாயமா?" என்று சத்தம் போட்டேன். "நான் சுகாதார அதிகாரி" என்றார். "அப்படின்னா நீங்க ரெண்டு தடவை கை கழுவணும்" என்றேன். மனிதர் கழுவினார், சம்பந்தி! பன்னை வெளியிலே வைத்துவிட்டுத் தலைக்கு உறை போட்டுக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு கண்டிப்பான வாசலை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டு நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

வாசல் வேலை போக, பெட்டிகளில் லேபிள் ஒட்டுகிற வேலையும் என்னுடையதுதான். 'கோதுமை இல்லை, குளூட்டன் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்ட லேபிள். சாயங்காலம் வாலு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள், நான் பசை தடவித் தருவேன், அவள் ஒட்டுவாள். கோணலாகத்தான் ஒட்டுவாள். ஒரு நாளைக்கு நூறு வேலை இருந்தாலும் எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் நாள். கடையில் விற்கிற கோந்தில் என்னென்ன மருந்து கலக்கிறானோ, குழந்தைக்கு விரலை வாயில் வைக்கிற பழக்கம் வேறு விடவில்லை, எதற்கு வம்பு என்று நானே வீட்டில் சுத்தமாகப் பசை காய்ச்சி டப்பாவில் எடுத்துக்கொண்டு போகிறேன். இப்படி ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிற இடத்தில் குழந்தைக்கு வயிற்று வலி வருகிறதென்றால் மனசு பதறுமா பதறாதா?

டாக்டரிடம் ஓடினோம். எங்கேயோ கோதுமை உள்ளே போகிறது, தேடுங்கள் என்றார். மகள் சோதனைக் குச்சி வாங்கி வந்தாள். சந்தேகப்படுகிற இடத்தில் அதைத் தேய்த்து மருந்துத் தண்ணீரில் விட்டால், ஒரு கோடு விழுந்தால் சுத்தம், இரண்டு கோடு விழுந்தால் கோதுமை. மாவு பிசைகிற மெஷின் ஒரு கோடு. அடுப்பு ஒரு கோடு. அலமாரி ஒரு கோடு. பெட்டி கட்டுகிற மேஜை மட்டும் இரண்டு கோடு! மகள் அந்தக் குச்சியை என் முன்னால் நீட்டினாள். "என் பொண்ணுக்கே பத்திரம் இல்லாத கடை. ஊரார் பிள்ளைக்கு எந்த முகத்தோடப்பா இதை விக்கிறது?" என்றாள். இனிமேலும் இரண்டு கோடு விழுந்தால் கடையை இழுத்து மூடிவிடுவதாகச் சொல்லிவிட்டாள். சும்மா சொல்கிறவள் இல்லை, உங்களுக்கே தெரியும்.

இப்போதுதான் சம்பந்தி, நான் எழுதத் தயங்குகிற இடத்துக்கு வருகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது அந்த மேஜைக்குப் பக்கத்தில், கடை திறப்புக்கு நீங்களே வாங்கிக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தீர்கள். வாசலில் உங்களை நான் சோதிக்கவில்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் பையைத் திறங்க என்று கேட்க நாக்கு வருமா? நீங்கள் பேப்பரைப் புரட்டிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து பிஸ்கட் எடுத்தீர்கள். கோதுமை பிஸ்கட். டீயில் நனைத்துச் சாப்பிட்டீர்கள், "எடுத்துக்குங்க சம்பந்தி" என்று எனக்கும் ஒன்று நீட்டினீர்கள், மரியாதைக்கு வாங்கிக்கொண்டேன். பொடி உதிர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். சொல்ல முடியாமல் விளக்குமாற்றை எடுத்து வந்து உங்கள் காலடியிலேயே பெருக்கினேன். நீங்களும் "ஐயோ, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை" என்று காலைத் தூக்கிக்கொண்டீர்கள், பிஸ்கட்டை மட்டும் விடவில்லை.

அதனால் மேஜையைத் தேய்த்துக் கழுவினேன், மறுநாள் பார்த்தால் இரண்டு கோடு. இடுக்கில் உங்கள் பிஸ்கட் பொடி போயிருக்கும் என்று மேஜையைப் பிரித்துப் போட்டேன், அது மறுபடி சேரவில்லை. புது மேஜை வாங்கினோம், வந்த அன்று ஒரு கோடு, மறுநாளே இரண்டு கோடு! புது மேஜையில் எப்படி வரும்? யோசித்தேன், பளிச்சென்று விளங்கிவிட்டது, நாற்காலி! நாற்காலியிலிருந்து மேஜைக்குத் தொற்றுகிறது! அதைத் தூக்கிப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "எங்கப்பா ஆசையா வாங்கிக் கொடுத்தது மாமா" என்றார், சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் குழந்தையா நாற்காலியா என்று வந்தால் என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே, மனசைக் கல்லாக்கிக்கொண்டு இரண்டு விஷயம் எழுதுகிறேன். நீங்கள் தயவுசெய்து இனிமேல் கடைக்கு வர வேண்டாம், வீட்டுக்கு வாருங்கள், வாசலில் உட்கார்ந்து பேசுவோம். லீவுக்கு வாலுவை உங்கள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்ததே, அதுவும் இந்த வருஷம் வேண்டாம். சட்டைப்பையிலேயே கோதுமை வைத்திருக்கிறவர் வீட்டில் இன்னும் எங்கெங்கே இருக்குமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அவளிடம் சொன்னேன், "அந்தத் தாத்தா பாவம் இல்லையா?" என்று கேட்டு அழுதாள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் இந்தக் கடிதம் தெரியாது. தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும், உங்கள் முழங்காலுக்கு என் அக்கறையையும் சொல்லிக்கொண்டு, நம் உறவு என்றைக்கும் இப்படியே பசை போல ஒட்டியிருக்க வேண்டும் என்று விரும்பும்,

உங்கள் அன்புள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: கடிதத்தின் உறை ஏன் ஊசி நூலால் தைத்திருக்கிறது என்று பிரிக்கும்போதே யோசித்திருப்பீர்கள். சொல்லிவிடுகிறேன். மேலே உள்ளதை எழுதி முடித்து, உறையை ஒட்டப் பசை டப்பாவைத் திறந்தேன். வாலு ஓடி வந்தாள், "நான் ஒட்டறேன் தாத்தா" என்று மடியில் ஏறினாள். விரலைப் பசையில் விட்டாள், உறையில் தடவினாள், மிச்சத்தை வாயில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து மகள் உள்ளே வந்தாள். குழந்தையின் விரலைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்பா, கடையில வாங்கற கோந்துன்னு நினைச்சேனே. இது எதுல காய்ச்சினது?" என்று மெதுவாகக் கேட்டாள். "கலப்படமே கிடையாதும்மா, முதல் தரமான மைதா, நானே ரெண்டு தடவை சலிச்சு..." என்று சொல்லிக்கொண்டே வந்தேன் சம்பந்தி, சலிச்சு என்பதற்கு மேல் எனக்கு வாய் எழவில்லை. மைதா எதிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தின்பதற்கு வந்தால்தான் அது கோதுமை, ஒட்டுவதற்கு வந்தால் அது பசை என்று என் மரமண்டையில் பதிந்துபோயிருக்கிறது. மகள் ஒரு குச்சியை எடுத்துப் பசையில் தேய்த்து மருந்துத் தண்ணீரில் விட்டாள். அவள் கீழே வைப்பதற்குள் இரண்டு கோடு விழுந்துவிட்டது.

வாலுவின் வாயைக் கொப்பளிக்க வைத்துவிட்டு மகள் தரையில் உட்கார்ந்து அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு மறுபடி அழுதாள். அந்தக் குழந்தையை என் மடியில் உட்கார வைத்து என் கையாலேயே கோதுமையைக் கொடுத்திருக்கிறேன். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது. அது நேற்று. இன்று காலை டாக்டர், நிறுத்திவிட்டால் போதும், குடல் ஆறிவிடும் என்று சொல்லிவிட்டார். பசையும் டப்பாவும் ஒட்டிய பெட்டிகள் அத்தனையும் குப்பைக்குப் போயின. வாங்கிப்போனவர்களுக்கெல்லாம் மகள் ஒருவர் விடாமல் போன் செய்து, பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லி, மன்னிப்பும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடையை மூடவில்லை. நான் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடப் போனேன். உங்கள் சம்பந்தியம்மா பிடுங்கிக்கொண்டாள். "எழுதினது எழுதினபடியே போகட்டும், அவர் பிஸ்கட்டை வெச்சு அவரை என்ன பாடு படுத்தினீங்கன்னு அவருக்கும் தெரியட்டும்" என்று சொல்லி, பசை வேண்டாம் என்று அவளே புது உறையாக எடுத்துத் தைக்கப் போகிறாள். லீவுக்கு வாலு கட்டாயம் உங்களிடம் வருவாள், நீங்களும் கட்டாயம் கடைக்கு வர வேண்டும். உங்கள் நாற்காலியைச் சாமான்காரரிடம் கெஞ்சித் திரும்ப வாங்கி வந்துவிட்டேன், மாப்பிள்ளை இன்று என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

இன்னொன்றும் எழுதச் சொல்கிறார்கள். வாசல் வேலையை என்னிடமிருந்து பிடுங்கி வாலுவிடம் கொடுத்துவிட்டார்கள். இன்று மத்தியானம் அவள் முதலில் நிறுத்தியது என்னைத்தான். "பையைக் காட்டுங்க தாத்தா" என்றாள். நானும் தைரியமாகக் கோட்டுப் பையில் கையை விட்டேன். போன மாதம் நீங்கள் கொடுத்த பிஸ்கட் அப்படியே இருந்தது.